ஒன்பது கொட்டாங்குச்சிகள்

தோணிரேவு இருசம்மாள் இங்கிலீஷ் படிக்கப் போகிறாள் என்ற சேதி கிளம்பியபோது ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வயசு முப்பத்தாறு. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். தமிழிலேயே ஓர் எழுத்து தெரியாது. விடிந்தால் தலையில் நண்டுக் கூடை. "இவ இங்கிலீஷ் படிச்சி இன்னா பண்ணப் போறா, கவுனருக்கு சம்பந்தி ஆவப் போறாளா?" என்று நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டாள் ஓரகத்தி மாரி. இருசம்மாள் நண்டுக் காலைக் கட்டி முடித்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அவள் சுபாவம் அது. ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அப்புறம் வாய்க்கு வேலை கொடுக்க மாட்டாள்.

காரணம் இல்லாமலா கிளம்புவாள்? பழவேற்காட்டை ஒல்லாந்தர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள் என்பது அந்த ஐப்பசியில் உறுதியாகிவிட்டது. வருகிற ஆனியில் கொடி மாறும் என்றார்கள். எந்தக் கொடி பறந்தால் இறாலுக்கு என்ன என்று சும்மா இருந்துவிடலாம்தான். ஆனால் புதுத் துரை வந்ததும் ஏரிக்கு யார் யார் சொந்தக்காரர் என்று விசாரணை வைப்பாராம். சொந்தக்காரன் இல்லாத தண்ணீரைக் குத்தகைக்கு விட்டுவிடுவாராம். அங்கேதான் தோணிரேவுக்குப் பயம் பிடித்தது.

ஏரியில் அந்த ஊருக்கு ஆறு பாடு உண்டு. பாடு என்றால் இறால் ஓடுகிற தடம், வலை கட்டினால் வீணாகாத இடம். ஊரில் வீடு நாற்பத்திரண்டு. எல்லாரும் ஒரே நாளில் ஆறு இடத்தில் வலை கட்ட முடியுமா? அதனால் ஆடி அமாவாசையன்று பானைக்குள் ஓலைச்சீட்டுப் போட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்தப் பாடு என்று வருஷம் முழுவதற்கும் முறை பிரித்துக்கொள்வார்கள். ஆறு நாள் காத்திருந்தால் ஏழாம் நாள் நம் முறை வரும். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது. இருசம்மாளும், கொழுந்தன் வேலுவும், அவன் பெண்டாட்டி மாரியும், அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் ஒரே வீடு, ஒரே சீட்டு. அந்த ஏழாம் நாள் வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இந்த ஏரியின்மேல் சென்னப்பட்டணத்துத் துபாஷி ஒருவனுக்கு ஒரு கண். தெய்வசிகாமணி என்று பெயர். துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது அவன் தொழில். ஏரி குத்தகைக்கு வந்தால் மச்சான் பேரில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. போன ஆவணியிலேயே வந்து பத்து நாள் தோணிரேவில் தங்கி, வீடு வீடாக மீன்குழம்பு சாப்பிட்டு, ஊர் வழக்கத்தையெல்லாம் அன்பாக விசாரித்துவிட்டுப் போயிருந்தான். மவராசன், இன்னா மரியாதையா பேசுறான் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். பக்கத்துக் கீழ்த்திட்டில் இப்படித்தான் வேறொரு துபாஷி, இங்கிலீஷ்காரன் முன்பு இருந்த காலத்தில், ஜனங்கள் சொன்னது ஒன்று, துரை காதில் போட்டது ஒன்று என்று செய்து உப்பளத்தையே வாரிக்கொண்டு போனான். அவன் என்ன சொன்னான் என்று அந்த ஊருக்கு இன்று வரை தெரியாது.

ஊர்ப் பெரியதனக்காரர் துளசிங்கம் கூட்டம் போட்டு, "நம்மள்ல ஒருத்தனுக்காவது அவன் பேசுறது புரியணும்" என்றார். ஒருத்தனும் அசையவில்லை. வலையை விட்டுவிட்டு எட்டு மாதம் படிக்க யாரால் முடியும்? கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த இருசம்மாள், "நான் படிக்கிறேன் மாமா" என்றாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

அவளுக்குக் கையில் ஒரு துருப்பு இருந்தது. இருபது வருஷத்துக்குமேல் பழவேற்காடு இங்கிலீஷ்காரர் கையில் இருந்ததல்லவா, அப்போது சின்னப் பெண்ணாக அவர்கள் சமையல்கட்டுக்கு நண்டு கொண்டுபோவாள். அந்தப் பாஷையின் ஓசை காதில் தங்கிவிட்டது. அர்த்தம் தெரியாமலே நாலு வசவுகூடச் சுத்தமாகச் சொல்வாள். இன்னொரு பக்கம், அவளிடம் நண்டு வாங்குகிற கொன்னேலி ஐயா. ஒல்லாந்தர் கச்சேரியில் எழுத்தர். முழுப் பெயர் கொர்னேலிஸ். பாட்டன் காலத்திலிருந்து பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம், தாய்வழியில் தமிழ். மற்றவர்கள் கப்பல் ஏறுகிறார்கள், இவருக்கு அங்கே யாரைத் தெரியும்? இருந்து இங்கிலீஷ்காரனிடம் வேலை தேடுவதற்காகச் சென்னப்பட்டணத்திலிருந்து இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் ஒன்று தருவித்து, விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் அவர் வாய்க்கு மட்டும் வரவில்லை. அவர் உரக்கப் படித்ததைப் பின்வாசலில் நின்று கேட்ட இருசம்மாள் சிரித்துவிட்டாள்.

"ஐயா, வெள்ளக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். நாக்கப் பல்லுக்கு நடுவுல வெப்பான்."

கொன்னேலி வைத்துப் பார்த்தார். சரியாக வந்தது. மனுஷன் புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே ஒப்பந்தம் ஆகிவிட்டது. புத்தகம் அவருடையது, காது அவளுடையது. வியாபாரம் முடிந்து மத்தியானம் ஒரு நாழிகை இரண்டு பேரும் படிப்பது.

முதல் நாள் கொன்னேலி சொன்னார்: "இங்கிலீஷ்ல எத்தனை சொல் இருந்தாலும் எல்லாம் ஒன்பது வகைக்குள்ள அடங்கிடும். இதுதான் புத்தகத்துல முதல் பாடம்."

"அவ்ளோ பெரிய பாஷைக்கு ஒம்பதேவா?"

"ஒன்பதே."

"அப்ப படிச்சிடலாம்" என்றாள் இருசம்மாள்.

எழுதத் தெரியாதவள் எப்படி நினைவில் வைப்பது? மறுநாள் ஒன்பது கொட்டாங்குச்சி கொண்டுவந்து பின்கட்டில் வரிசையாக வைத்தாள். ஒரு சொல் படித்தால் ஒரு மட்டி ஓட்டை எடுத்து, சொல்லை மூன்று தடவை சொல்லி, அதற்கான கொட்டாங்குச்சியில் போடுவாள். மறுநாள் கவிழ்த்துப்போட்டு, ஓட்டுக்கு ஒரு சொல்லாகத் திரும்பச் சொல்ல வேண்டும். ஓடு மிஞ்சினால் அன்று புதுப் பாடம் இல்லை. இந்தச் சட்டமும் அவளே போட்டது. கொன்னேலி போதும் என்றாலும் விடமாட்டாள்.

பெயர்ச்சொல் கொட்டாங்குச்சி பத்தே நாளில் நிரம்பி வழிந்தது. ஃபிஷ், கிராப், நெட், போட், வாட்டர் என்று கண்ணில் படுவதெல்லாம் அதற்குள் போயிற்று. பெயரடையில் அவள் முதலில் போட்டது 'ராட்டன்', அழுகியது என்று அர்த்தம். துரைமார் வீட்டுச் சமையல்காரன் விலையைக் குறைக்க எந்த நண்டைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வான். மேலே, கீழே, நடுவே என்று இடம் சொல்கிற சொற்களை ஒரே நாளில் பிடித்துவிட்டாள், வலை கட்டுகிறவர்கள் வீட்டில் நாள் முழுக்க அந்தப் பேச்சுத்தானே. 'ஆர்ட்டிகல்' என்ற வகை வந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

"இந்த 'தி' இன்னா வேல செய்யும் ஐயா?"

"தனியா ஒண்ணும் செய்யாது. பெயருக்கு முன்னால வந்து நிக்கும்."

"நம்ம ஊர்லயும் ரெண்டு பேரு அப்படிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டைப் போட்டாள். 'ஓ', 'அலாஸ்' என்று அழுவதற்கும் மலைப்பதற்கும் தனியாக ஒரு வகை உண்டு என்று கேட்டபோது, அழுகையைக் கூடவா படிச்சித் தெரிஞ்சிக்கணும் என்று அந்தக் கொட்டாங்குச்சியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். வினைச்சொல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. போகிறான் ஒன்று, போனான் ஒன்று, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாசி முழுக்க அழாத குறை. ஒருநாள் ஓடுகளை வாரி வீசிவிட்டுப் போனாள், மறுநாள் வந்து அவளே பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் நிமிர்ந்து நின்றுவிட்டாள். பெயருக்குப் பதிலாக வரும் சொற்களைக் கொன்னேலி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மை பாஸ்கெட் என்றார், சொன்னாள். மை ஹவுஸ் என்றார், சொன்னாள். "மை லேக்" என்றார். வாயை மூடிக்கொண்டாள்.

"ஏரிய அப்படிச் சொல்லக் கூடாது."

"பாடத்துக்குத்தானே இருசம்மா."

"பாடத்துக்கும் சொல்லக் கூடாது ஐயா. பாட்ட 'என்னுது'ன்னு வாயால சொன்னவன் வூட்டுச் சீட்டு அந்த வருசம் பானையில வுழாது. குடிச்சிட்டுச் சொன்னாலும் சரி, வெளாட்டுக்குச் சொன்னாலும் சரி. போன வருசம் கோதண்டம் கள்ளுக் குடிச்சிட்டு 'அது என் பாடு'ன்னான். ஒரு வருசம் வலையத் தொட முடியல. புள்ளைங்க மட்டி பொறுக்கித் தின்னுச்சிங்க."

நாற்பத்திரண்டு வீடும் ஆறு பாட்டை வைத்துக்கொண்டு வெட்டு குத்து இல்லாமல் இருப்பதற்கு அந்த வழக்கம் ஒன்றுதான் காவல் என்று அவளுக்குத் தெரியும். கொன்னேலிக்கும் புரிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஆனி பிறந்தது, ஒல்லாந்தர் கொடி இறங்கியது. விசாரணை நாளும் வந்தது. கச்சேரி மண்டபத்தில் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இளம் வயசு, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, ஆனால் கேட்கிற கேள்வியை நிதானமாகக் கேட்டார். பக்கத்தில் தெய்வசிகாமணி கை கட்டி நின்றான். வீட்டுக்கு ஒருவராகத் தோணிரேவு ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துளசிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் இருசம்மாள். துபாஷி ஒரு சொல் மாற்றிச் சொன்னால் அவள் இருமுவது, உடனே துளசிங்கம் எழுந்து மறுப்பது என்று ஏற்பாடு.

வீடு எத்தனை, தோணி எத்தனை, எந்த மாசம் இறால் அதிகம் என்று கேள்வி வந்தது. இருசம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெய்வசிகாமணி சொன்னதெல்லாம் சரி. ஒரு மயிரிழை மாற்றவில்லை. இருமுவதற்கு இடமே வரவில்லை. இவனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அப்போது துரை அந்தக் கேள்வியைக் கேட்டார். தெய்வசிகாமணி கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, தேனில் தோய்த்துச் சொன்னான்: "ஏரிப் பாடுகள் யாருக்குச் சொந்தம் என்று துரை கேட்கிறார். சொந்தக்காரர் எழுந்து நின்று, 'இது என்னுடையது' என்று தம் வாயால் சொல்ல வேண்டும்."

துரை கேட்டதும் அதேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? பிறந்ததிலிருந்து நாக்குக்குப் போட்ட பூட்டு அது. ஊர் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து நாள் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பாவி எதைத் தெரிந்துகொண்டு போனான் என்று இருசம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பொய்யைப் பிடிக்க எட்டு மாதம் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அவனுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. அவர்கள் மௌனமே அவனுக்குப் போதும்.

அவள் துளசிங்கத்தின் துண்டைப் பிடித்து இழுத்தாள். "மாமா, எழுந்து சொல்லு. சொல்லலன்னா குத்தகைக்குப் போயிடும்."

"எப்பிடிம்மா சொல்வேன்? வழக்கம் கீதே."

"ஏரியே போனப்பறம் வழக்கத்த எங்க வெச்சிப்ப?"

துளசிங்கம் குனிந்துகொண்டார். வீட்டில் எட்டு வயிறு அவருக்கு. இருசம்மாளுக்குக் கோபம் வந்தது. துபாஷிமேல் வந்ததைவிடத் தன் ஊர்மேல் அதிகமாக வந்தது. மேசையருகே தெய்வசிகாமணி, ஒருவரும் உரிமை கோரவில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டான். அதுவும் உண்மை. துரை தலையை ஆட்டி, எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார்.

"ஸ்டாப், சார். டோன்ட் ரைட்."

எழுந்து நின்ற பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது. மண்டபம் திரும்பிப் பார்த்தது. தெய்வசிகாமணி முகம் செத்துப்போயிற்று. யாரோ நண்டு விற்கிறவள் என்று அவன் துரையிடம் சொல்ல ஆரம்பித்தான், துரை கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

அவள் கையிலிருந்த சொற்களையெல்லாம் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஃபார்ட்டி டூ ஹவுஸ் என்றாள். சிக்ஸ் ப்ளேஸ் என்றாள். டுடே ஒன் மேன், டுமாரோ அனதர் மேன் என்று விரலை மடக்கிக் காட்டினாள். துரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். சொந்தக்காரர் பெயர் எழுத அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒரு பெயர் வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றால் குத்தகைதான். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

கொழுந்தன் வேலுவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் பிள்ளைகளை நினைத்தாள், கடைக்குட்டிக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. ஆனாலும் நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

"மைன், சார். மை நேம் இருசம்மாள்."

அவள் பெயர் அந்த ஒற்றை வரியில் ஏறியது. கட்டைவிரல் வைத்தாள். ஏரி குத்தகைக்குப் போகவில்லை.

வெளியே வந்தபோது ஊர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. பேசியது மாரி ஒருத்திதான். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எம் புள்ளைங்க வாயில மண்ணு போட்டுட்ட இல்ல."

"ஆமா, போட்டுட்டேன்" என்றாள் இருசம்மாள். "வேற வழி தெரியல மாரி."

மாரி திரும்பி நடந்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று மாதம் அவளோடு பேச்சே இல்லை.

ஆடி அமாவாசையன்று துளசிங்கம் அவர்கள் வீட்டுச் சீட்டையும் சேர்த்துத்தான் பானையில் போட்டார். ஊருக்காகச் சொன்ன பேச்சு, இது வேற கணக்கு என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். இருசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பானைக்குள் கையை விட்டு, தன் வீட்டுக் குறி போட்ட ஓலையைத் தேடி எடுத்தாள்.

"எனக்காக ஒரு தபா வளைச்சீங்கன்னா, நாளைக்கு இத்தக் காட்டியே அவனவன் நூறு தபா வளைப்பான். நாப்பத்தொண்ணு போட்டுக் குலுக்கு மாமா."

ஓலையை இரண்டாக முறித்து மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டாள். வேலு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று விரிக்க வேண்டாம். ஏரி ஓரத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் உண்டு. வலை இல்லாத ஜனம். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு நாள் முழுக்கத் தடவ வேண்டும். இருசம்மாளும் மாரியும் அவர்களோடு போய் நின்றார்கள். விரல் நகமெல்லாம் பிய்ந்தது. வாயில் பறி இருந்ததால் இருசம்மாள் வினைச்சொற்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் மாரி மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

மார்கழியில் தெய்வசிகாமணி வந்தான். கரையில் நின்று, சேற்றிலிருந்து ஏறிய இருசம்மாளைக் கும்பிட்டான்.

"அம்மா, காகிதப்படி ஏரி முழுக்க உங்களுது. நீங்க இப்படிச் சேத்துல நிக்கலாமா? எனக்குக் குத்தகை எழுதிக் குடுங்க. ராணி மாதிரி உக்காந்து சாப்பிடலாம்."

"போய்யா உன் வேலையப் பாத்துனு."

"போறேன்மா. ஆனா ஒண்ணு யோசிச்சிக்குங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா ஏரிக்குச் சொந்தக்காரி இல்ல. திரும்ப விசாரணை வரும். அப்ப யாரு எழுந்து நின்னு சொல்வாங்க?"

அவன் போனபின்னும் இருசம்மாள் வெகுநேரம் ஈரச் சேலையோடு நின்றாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் எப்போது பொய் சொல்லியிருக்கிறான்? ஊரைக் காப்பாற்றியதாக நினைத்தது, ஊரைத் தன் ஒருத்தியின் உயிரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. காகிதத்தில் ஏறியதைக் காகிதத்தால்தான் இறக்க முடியும்.

கொன்னேலிக்கு அதற்குள் இங்கிலீஷ் கச்சேரியில் நகல் எழுதும் வேலை கிடைத்துவிட்டது. அவர் வீட்டுப் பின்கட்டில் போய் நின்று, "எழுதக் கத்துக் குடுங்க ஐயா" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் பயந்துவிட்டார்.

"துரை முன்னால பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா? உள்ள தூக்கிப் போட்டா என்ன பண்ணுவே? வேணும்னா நானே எழுதித் தர்றேன், நைசா."

"வாணாம். உங்க கையெழுத்து கச்சேரிக்கே தெரியும், உங்களுக்கு வேல பூடும். பொய் சொன்னது என் வாயி, எழுதுறதும் என் கையாவே இருக்கட்டும்."

தை முதல் வைகாசி வரை. ஈர மணலில் விரலால் எழுதினாள், அலை வந்து அழித்தது, மறுபடி எழுதினாள். நாலு மாதத்துக்கு அப்புறம்தான் இறகைக் கையில் கொடுத்தார் கொன்னேலி. ஏழு தாள் பாழாயிற்று. ஒருநாள் மனுவில் சேர்க்க ஊர் வீடுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது மாரி வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"இதுல எது கோதண்டண்ணன் வூடு?" என்று கேட்டாள். இருசம்மாள் காட்டினாள். மாரி அந்த எழுத்தின்மேல் விரல் படாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கஞ்சி ஆறிப்போவுது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வைகாசிக் கடைசியில் துரை மீஞ்சூரில் கூடாரம் போட்டிருந்தார். துளசிங்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடியலில் கிளம்பி இருசம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தாள். அன்று தெய்வசிகாமணி வேறு ஊரில் இருந்தான். துபாஷி வரட்டும் என்றான் சேவகன். துபாஷி வேண்டாம், பெரியதனக்காரர் பேச்சை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இங்கிலீஷிலேயே சொல்லி உள்ளே போய்விட்டாள்.

துரை மனுவை மெதுவாகப் படித்தார். ஏரிப் பாடுகள் என்னுடையவை அல்ல, கீழே பெயர் கண்ட வீடுகள் முறைவைத்து அனுபவிப்பவை, அன்று நான் சொன்னது உண்மையல்ல என்று அதில் இருந்தது. எழுத்து கோணல்தான், அடித்தல் ஒன்றுகூட இல்லை.

"அன்று பொய் சொன்னாயா?" என்று கேட்டார். அவள் வினைச்சொல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்துப் பதில் சொன்னாள். ஆமாம், பொய் சொன்னேன். ஏன் என்றார். உங்கள் தாளில் ஒரு வரிதான் இருந்தது என்றாள்.

துரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் வருமோ என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பெயர்களை விரல் வைத்து எண்ணினார், இன்னொரு தடவையும் எண்ணினார். நாற்பத்தொன்று இருந்தது. அன்று நாற்பத்திரண்டு வீடு என்றாயே, உன் வீடு எங்கே என்று கேட்டார்.

இந்த வருஷம் எங்களுக்குப் பாடு இல்லை, இல்லாததை எப்படி எழுதுவேன் என்றாள். அதோடு, தன் பாடு என்று தன் கையால் எழுதுவதும் வாயால் சொல்வதும் ஒன்றுதான் என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். துரை அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்தத் தாளில் இருக்கிற வீடுகள்தான் இனி எப்போதைக்கும் உரிமைக்காரர்கள். பிறகு சேர்க்க முடியாது. தெரிகிறதா?

தெரிகிறது என்றாள். இந்த வருஷம் போனது தெரியும். எல்லா வருஷமும் போகும் என்று அவள் நினைக்கவில்லை. வேலுவின் பிள்ளைகள் வளர்ந்தும் சேற்றில் நிற்பார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னா சொல்றாரு?" என்றார் துளசிங்கம்.

சொன்னாள். அவர் எழுந்து மேசைப் பக்கம் வந்தார்.

"இந்தப் பாட்டுல இருசம்மா வூட்டுக்கும் பங்கு கீதுன்னு சொல்லு."

"நான் எப்பிடி மாமா சொல்றது? வழக்கம்..."

"நீ எங்க சொல்ற? நான் சொல்றேன். ஒருத்தன் தன்னுதுன்னு சொல்லக் கூடாது. அடுத்தவனுதுன்னு சொல்லக் கூடாதுன்னு எவனும் வழக்கம் வெக்கல. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், தரையப் பாத்துனு குந்தினு இருந்தேன். நீ துபாஷியா வந்த. வந்த வேலையப் பாரு."

துரை, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

இருசம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. துபாஷி என்றால் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இருசம்மாள் வீட்டுக்கும் பங்கு உண்டு என்று பெரியதனக்காரர் சொல்கிறார் என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்கிறார் என்றாள். வந்த வேலையைப் பார் என்று என்னைத் திட்டுகிறார் என்பதையும் விடாமல் சொன்னாள்.

"எல்லாத்தயும் சொன்னியா?" என்று கேட்டார் துளசிங்கம்.

"ஒண்ணு வுடாம சொன்னேன் மாமா."

துரை இறகை மையில் தோய்த்து, நாற்பத்திரண்டாவது பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.